உருண்டையும் குச்சியும்: உயிரியல் பிள்ளைகளுக்கு மூலக்கூறு மாதிரிப் பெட்டி வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். உயிரியல் முதலாண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு வேதியியல் அடிப்படை சொல்லித்தர ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இந்த உருண்டை-குச்சிப் பெட்டிக்கே செலவழியுங்கள். ஆனால் இந்தப் பெட்டி சில இடங்களில் உண்மையைக் காட்டும், சில இடங்களில் தவறானதையே உண்மை மாதிரி கையில் கொடுத்துவிடும். எது எங்கே என்று தெரியாமல் வகுப்பில் பிரித்து வைத்தால் பிள்ளைகள் தவறானதையும் சேர்த்து மனதில் பதித்துக்கொள்வார்கள், அப்புறம் அதை அழிப்பது ரொம்பக் கடினம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சொல்லித்தருவது நர்சிங், விலங்கியல், தாவரவியல் என்று முதலாண்டில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு. இவர்களில் பலருக்கு வேதியியல் என்றாலே சமன்பாடு, மனப்பாடம், மதிப்பெண் என்ற அளவில்தான் பழக்கம். ஆனால் உயிரியலில் உண்மையில் தேவைப்படும் வேதியியல் பெரும்பாலும் வடிவம் பற்றியது. நொதி ஏன் ஒரு சர்க்கரையைப் பிடிக்கிறது, அதன் இரட்டை மாதிரி இருக்கும் இன்னொன்றை ஏன் தொடுவதில்லை, நெய் ஏன் உறைகிறது, நல்லெண்ணெய் ஏன் உறைவதில்லை, இதெல்லாம் மூலக்கூறின் உருவத்தைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். பாடநூலில் அது தட்டையான படமாக இருக்கிறது. அந்தத் தட்டைப் படத்தை மனதுக்குள் முப்பரிமாணமாக நிமிர்த்துவது எல்லோருக்கும் வருவதில்லை, வராதது அறிவுக் குறைவும் இல்லை, கையில் எடுத்துப் பார்க்க எதுவும் கொடுக்காததுதான் காரணம்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பிளாஸ்டிக் உருண்டைகள் எண்பதுக்கு மேல், இணைப்புக் குச்சிகள் நூற்றைம்பது பக்கம், குச்சியைப் பிடுங்க ஒரு சின்னக் கருவி. நான் வாங்கியபோது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. கருப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், நீலம் நைட்ரஜன், மஞ்சள் கந்தகம், ஊதா பாஸ்பரஸ், பச்சை குளோரின், சாம்பல் நிறம் உலோகங்களுக்கு. குச்சியில் மூன்று வகை: நடுத்தர நீளக் குச்சி ஒற்றைப் பிணைப்புக்கு, வளைகிற நீளக் குச்சி இரட்டை, மூன்று பிணைப்புகளுக்கு, குட்டையான வெள்ளைக் குச்சி உருண்டைகளை நெருக்கி ஒட்டவைத்துப் பார்க்க. அந்தக் குட்டைக் குச்சியை யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் அது முக்கியம். நீர் மூலக்கூறை முதலில் நடுத்தரக் குச்சியில் கட்டி, உடனே குட்டைக் குச்சியில் இன்னொன்றும் கட்டிப் பக்கத்தில் வையுங்கள். அணுக்களுக்கு நடுவில் குச்சி என்று ஒரு பொருள் கிடையாது, பகிர்ந்துகொண்ட எலக்ட்ரான்கள்தான் இருக்கின்றன, அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த மாதிரி நெருங்கித்தான் இருக்கின்றன என்பதை இந்த இரண்டாவது மாதிரியைக் காட்டி முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த நிறங்கள் இப்போது யாரோ கம்பெனிக்காரர் தேர்ந்தெடுத்தவை இல்லை. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளில் துளை போட்டுக் கம்பியால் இணைத்து மூலக்கூறுகளைக் காட்டினார், கருப்பு கார்பன், சிவப்பு ஆக்சிஜன், நீல நைட்ரஜன், வெள்ளை ஹைட்ரஜன், பச்சை குளோரின் எல்லாம் அப்போதே வந்துவிட்டன. அன்று அவர் கட்டிய மீத்தேன் தட்டையாக இருந்தது. கார்பனின் நான்கு பிணைப்புகள் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று வான்ட் ஹோஃப், லெ பெல் என்ற இரண்டு வேதியியலாளர்களும் தனித்தனியாகச் சொன்னது 1874இல்தான். வான்ட் ஹோஃபுக்கு அப்போது வயது 22. உங்கள் கையில் இருக்கும் கருப்பு உருண்டையின் நான்கு துளைகளும் ஒன்றுக்கொன்று 109.5 பாகையில் இருக்கின்றன, அந்தக் கண்டுபிடிப்பு அப்படியே பிளாஸ்டிக்கில் அச்சடித்துக் கிடைக்கிறது. மீத்தேனைக் கட்டி மேசையில் வைத்தால் மூன்று காலில் நிற்கும், எப்படித் திருப்பி வைத்தாலும் அதே தோற்றம்தான். பாடநூலில் அது கூட்டல் குறி மாதிரிதான் போட்டிருக்கும்.

நான்கு நிறம் போதும் என்பதையும் சொல்லவேண்டும். நம் உடல் எடையில் சுமார் 96 சதவீதம் ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் இந்த நான்கு தனிமங்கள்தான். வெள்ளைக்கு ஒரு துளை, சிவப்புக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று, கருப்புக்கு நான்கு. இணைதிறன் என்ற பாடத்தை எழுதிப்போட்டு நடத்தவே வேண்டாம், துளை காலியாக இருந்தால் மூலக்கூறு முடியவில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் பெட்டியில் நீல உருண்டைக்கு நான்கு துளை. இதைக் குறை என்று நினைக்காதீர்கள், இந்தப் பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான், கீழே சொல்கிறேன்.

அமிலம், காரம் நடத்தும்போது இந்தப் பெட்டியை யாரும் எடுப்பதில்லை. எடுத்துப் பாருங்கள். அசிட்டிக் அமிலம் கட்டுங்கள், வினிகரில் இருக்கிற அதே பொருள், எட்டே உருண்டை. ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் வெள்ளை உருண்டையைப் பிடுங்கச் சொல்லுங்கள், ஆனால் குச்சி ஆக்சிஜனிலேயே நிற்கும்படி. குச்சி என்றால் இரண்டு எலக்ட்ரான். அந்த இரண்டும் ஆக்சிஜனிடமே தங்கிவிட்டன, ஹைட்ரஜன் தன்னுடைய ஒரே எலக்ட்ரானையும் விட்டுவிட்டு வெறும் புரோட்டானாக வெளியேறிவிட்டது. அப்படியானால் யாருக்கு எந்த மின்சுமை என்று கேளுங்கள். இதை ஒருமுறை கையால் செய்த பிள்ளை அமிலம் ஏன் புரோட்டானைக் கொடுக்கிறது, மீதி ஏன் எதிர்மின் அயனி ஆகிறது என்பதை மறப்பதே இல்லை.

இப்போது நைட்ரஜனின் நான்காவது துளைக்கு வருவோம். கிளைசின் கட்டுங்கள், அமினோ அமிலங்களிலேயே சின்னது, பத்து உருண்டை. நைட்ரஜனின் நான்காவது துளையில் வெறும் குச்சியைச் செருகி வையுங்கள், அதுதான் அதன் தனித்த எலக்ட்ரான் இணை, அதாவது எந்தப் பிணைப்பிலும் சேராத இரண்டு எலக்ட்ரான். பாடநூலில் அமினோ அமிலத்தை ஒரு பக்கம் அமினோ (நைட்ரஜன் உள்ள முனை), ஒரு பக்கம் கார்பாக்சில் (இரண்டு ஆக்சிஜன் உள்ள முனை) என்று மின்சுமை எதுவும் இல்லாமல் வரைந்திருப்பார்கள், ஆனால் நம் இரத்தத்தின் பிஎச் (அமில, கார நிலையைக் காட்டும் எண்) அளவில் அது அப்படி இருப்பதில்லை. கார்பாக்சில் ஹைட்ரஜனைக் குச்சியை விட்டுவிட்டுப் பிடுங்கி நைட்ரஜனின் வெறும் குச்சியில் மாட்டுங்கள். ஒரு முனை எதிர், ஒரு முனை நேர், மொத்தத்தில் சுழியம். அமினோ அமிலத்தின் பாதி குணம் இந்த ஒரு இடமாற்றத்தில் இருக்கிறது. மூன்று துளை நைட்ரஜன் மட்டும் உள்ள பெட்டியில் இதைச் செய்ய முடியாது, அதனால் வாங்குமுன் நீலத்துக்கு எத்தனை துளை என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்தது நீர் நீக்கம். இரண்டு குழு ஆளுக்கொரு கிளைசின் கட்டட்டும், ஒன்றிலிருந்து ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு, இன்னொன்றின் நைட்ரஜனிலிருந்து ஒரு ஹைட்ரஜன். இரண்டையும் எடுத்தால் கையில் ஒரு நீர் மூலக்கூறு, மேசையில் ஒரு பெப்டைடு பிணைப்பு. நான்கு குழு சேர்ந்து சங்கிலி போட்டால் மூன்று நீர். நூறு அமினோ அமிலம் சேர்ந்தால் எத்தனை நீர் என்று கேட்டால் யாருக்கும் சூத்திரம் தேவைப்படுவதில்லை. அதையே திருப்பிச் செய்தால் செரிமானம், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நீரை உள்ளே விட்டு உடைக்கவேண்டும். சாப்பிட்ட பருப்பு எப்படி அமினோ அமிலமாகிறது என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இடக்கை வலக்கை விவகாரத்துக்கு இந்தப் பெட்டிக்கு மாற்றே கிடையாது. அலனின் இரண்டு கட்டுங்கள், ஒன்று இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பமாக. பொருத்திப் பாருங்கள் என்று சொன்னால் பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், இரண்டு தொகுதி பொருந்தும்போது மற்ற இரண்டு மாறி நிற்கும். இடது காலுக்கு வலது செருப்பு எப்படி ஏறாதோ அதே நிலைதான். இந்த இரண்டு வடிவங்களை எல், டி என்பார்கள், நம் புரதங்களில் இருப்பது எல் வகை மட்டும். எது எல் என்று கண்டுபிடிக்க நான் சொல்லித்தரும் வழி: நடுக் கார்பனின் ஹைட்ரஜனை உங்கள் கண்ணை நோக்கி நீட்டிப் பிடியுங்கள், கார்பாக்சில், பக்கத் தொகுதி, அமினோ என்று வரிசையாகப் பாருங்கள், கடிகாரச் சுற்றில் வந்தால் எல். இந்த வேறுபாட்டை உடம்பு கவனிக்குமா என்று யாராவது கேட்டால் மூக்கையே சாட்சிக்கு அழைக்கலாம். கார்வோன் என்ற ஒரே மூலக்கூறின் ஒரு கை வடிவம் ஸ்பியர்மின்ட் புதினா வாசனை தருகிறது, மறு கை வடிவம்தான் சதகுப்பை விதையின் வாசனை. அணுக்கள் அதே, பிணைப்புகள் அதே, மூக்கில் இருக்கும் ஏற்பிகளுக்கு மட்டும் இரண்டும் வேறு.

சர்க்கரையும் அப்படித்தான். குளுக்கோஸை முதலில் நீளச் சங்கிலியாகக் கட்டச் சொல்லுங்கள், அப்புறம் ஐந்தாவது கார்பனின் ஆக்சிஜனை முதல் கார்பனோடு சேர்த்து வளையமாக மூடச் சொல்லுங்கள். சிலருக்கு முதல் கார்பனின் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) கீழே வரும், சிலருக்கு மேலே வரும், எப்படி மூடினார்கள் என்பதைப் பொறுத்து. கீழே வந்தால் ஆல்பா, மேலே வந்தால் பீட்டா. தண்ணீரில் கரைத்த குளுக்கோஸிலும் இதேதான் நடக்கிறது, திறந்து மூடித் திறந்து மூடிக் கடைசியில் ஏறக்குறைய 36 சதவீதம் ஆல்பா, 64 சதவீதம் பீட்டா என்று நிற்கிறது. ஆல்பாவைத் தொடுத்தால் ஸ்டார்ச், பீட்டாவைத் தொடுத்தால் செல்லுலோஸ். சோறு நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை, இரண்டும் குளுக்கோஸ்தான். ஒரே ஒரு ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் இருக்கிற வித்தியாசம் இது. இதைக் கரும்பலகையில் வரைந்து புரியவைப்பதும் கையில் கொடுத்துப் புரியவைப்பதும் ஒன்றே இல்லை, இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கொழுப்புக்கு மட்டும் ஒரு பெட்டி பத்தாது. ஸ்டியரிக் அமிலத்துக்கே 18 கார்பன், 36 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் தேவை, அதிலேயே ஒரு பெட்டி கிட்டத்தட்டக் காலி. ஒலியிக் அமிலத்தையும் பக்கத்தில் கட்டி ஒப்பிட்டால்தான் பயன், எனவே இரண்டு பெட்டி வேண்டும். ஒலியிக்கில் நடுவில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, சங்கிலி அங்கே மடங்கி நிற்கும், வளைகிற இரண்டு குச்சிகளைப் போட்டதும் அந்த இடம் சுழலவும் மறுக்கும். நேரான சங்கிலிகளை அடுக்கினால் நெருக்கமாக அடங்கும், மடங்கினவை அடங்காது. ஸ்டியரிக் உருகுவது சுமார் 69 பாகை செல்சியஸில், ஒலியிக் 13, 14 பாகையிலேயே உருகிவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிறது, நல்லெண்ணெய் ஊற்றினால் ஓடுகிறது, காரணம் இதுதான்: தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற, அதாவது சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாத கொழுப்பு. செல் சவ்வு இறுகிவிடாமல் இளக்கமாக இருப்பதற்கும் இதே மடிப்புதான் காரணம். இந்தப் பாடத்துக்காகவே பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பேசி இரண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்லது. இனி இந்தப் பெட்டி எங்கே தவறு செய்கிறது என்று பார்க்கலாம்.

முதல் தவறு பெப்டைடு பிணைப்பில். கார்பனையும் நைட்ரஜனையும் ஒற்றைக் குச்சியால் இணைத்தீர்கள் என்றால் அது சுற்றிச் சுற்றிச் சுழலும். உண்மையான புரதத்தில் அது சுழலாது, அந்தப் பிணைப்புக்குப் பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் உண்டு, சுற்றியிருக்கும் ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் கிடக்கும். இது சின்ன விஷயமே இல்லை. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஒரு காகிதத்தில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்து, அது சுருண்டு நிற்கும் வடிவமான ஆல்பா சுருளைப் பிடித்தார், 1951இல் அது வெளியானது. பெப்டைடு தளம் தட்டையானது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அது சாத்தியமானது. சென்னையில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனுக்கு மூன்று இழைச் சுருள் அமைப்பைச் சொன்னார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் ஏன் கிளைசின் வருகிறது என்பது உங்கள் பெட்டியிலேயே தெரியும், கிளைசினின் பக்கத் தொகுதி ஒரே ஒரு வெள்ளை உருண்டை, மூன்று இழைகள் சேரும் நடுவில் அதற்கு மேல் இடம் கிடையாது. பிறகு 1963இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் பெப்டைடு தளத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள சுழற்சியில் எந்தக் கோணங்கள் சாத்தியம், எங்கே அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். உலகத்தில் எங்கே ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். கிண்டியில் நடந்த இந்த வேலையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பெட்டியை மூடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தவறைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. பெப்டைடு கட்டியதும் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே உள்ள இரட்டைக் குச்சிகளில் ஒன்றைக் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே மாற்றிப் போடுங்கள், நைட்ரஜனின் நான்காவது துளை அதற்கும் உதவும். இப்போது சுழலாது. மூலக்கூறு இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. உயிர் நடப்பதே வலுக்குறைந்த பிணைப்புகளை நம்பித்தான், அதைக் காட்ட இந்தப் பெட்டியில் ஒரு துண்டுகூடக் கிடையாது. ஒரு சிவப்பு உருண்டைக்கு இரண்டு வெள்ளை மாட்டினால் நீர். ஒரு மஞ்சளுக்கு இரண்டு வெள்ளை மாட்டினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். கையில் பார்த்தால் நிறம் தவிர இரண்டும் ஒன்றே. ஹைட்ரஜன் சல்ஃபைடு எடையில் கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆனால் அது மைனஸ் 60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது, நீரோ 100 பாகை வரை திரவமாக நிற்கிறது. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுக்கிறது, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை, ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை, அதனால் ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஹைட்ரஜன் பிணைப்பின் வலு மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல், ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள சகப்பிணைப்பு (எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு) சுமார் 460. இருபதில் ஒரு பங்கு வலுதான், ஆனால் எண்ணிக்கையில் கோடானுகோடி. டிஎன்ஏவின் இரண்டு இழைகளை அடினினுக்கும் தைமினுக்கும் நடுவே இரண்டு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் நடுவே மூன்று என்று பிடித்துவைத்திருப்பதும், தேவைப்படும்போது பிரியவிடுவதும் இதே வலுக்குறைவுதான். மஞ்சளையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஆனால் பதிலுக்குப் பெட்டிக்கு வெளியேதான் போகவேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் இணையதளத்தில் மூலக்கூறின் முனைவுத்தன்மைக்கு ஒரு இலவசச் செயலி இருக்கிறது, அணுவின் எலக்ட்ரான் இழுக்கும் திறனைக் கூட்டிக் குறைத்து மின்சுமை எந்தப் பக்கம் சாய்கிறது என்று திரையில் பார்க்கலாம். இந்தப் பெட்டி கட்டிக்காட்டுவதை அந்தச் செயலியும், செயலி காட்டுவதை இந்தப் பெட்டியும் தர முடியாது, இரண்டும் சேர்ந்தால் பாடம் முழுமை.

இன்னொரு யோசனை. சில பெட்டிகளில் ஆக்சிஜனுக்கு நான்கு துளை உள்ள உருண்டைகளும் வருகின்றன. அவை கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொரு நீரும் நான்கு பக்கத்து நீரோடு கைகோக்கிற பனிக்கட்டி அமைப்பைக் கட்டலாம், நடுவே எவ்வளவு வெற்றிடம் என்று தெரியும், பனிக்கட்டியின் அடர்த்தி ஏன் நீரைவிடக் குறைந்து 0.917 ஆகிறது, ஏன் மிதக்கிறது என்று தனியாக விளக்கவே வேண்டாம். என் பெட்டியில் இரண்டு துளைதான், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

மூன்றாவது, உப்பு. சாம்பல் உருண்டையையும் பச்சை உருண்டையையும் குச்சியால் மாட்டி சோடியம் குளோரைடு என்று காட்டவே காட்டாதீர்கள். சோடியம் தன் 11 எலக்ட்ரான்களில் ஒன்றை விட்டுவிடுகிறது, குளோரின் அதை வாங்கி 18 ஆக்கிக்கொள்கிறது, பகிர்வு என்பதே அங்கே இல்லை. படிகத்தில் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, தண்ணீரில் போட்டால் ஒவ்வொரு அயனியும் தனித்தனி. நர்சிங் பிள்ளைகளுக்கு இது உயிர் போகிற விஷயம்: 0.9 சதவீத சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளோரைடும் தனித்தனியே மிதக்கின்றன, இரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் சோடியத்துக்கு ஒரு வரி, குளோரைடுக்கு ஒரு வரி என்று தனித்தனியாகத்தான் வரும். குச்சியில் மாட்டிப் பழகிய பிள்ளைக்கு அந்தச் சீட்டு புரியாது.

பிஎச் அளவுக்கும் இந்தப் பெட்டி உதவாது, அது எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. பிஎச் ஒரு அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு, 0.3 குறைந்தாலே இரண்டு மடங்கு. இரத்தத்தின் இயல்பு 7.35 முதல் 7.45 வரை என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு 7.1 என்றால் எவ்வளவு ஆபத்து என்று தெரிய வேண்டும், அதற்குக் கணக்குதான் போடவேண்டும்.

ஆற்றல் விஷயத்தில் மட்டும் இந்தப் பெட்டி எதிர்பாராத உதவி செய்கிறது. செல்லுக்குள் ஆற்றலைக் கொண்டுசெல்லும் மூலக்கூறான ஏடிபியில் பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவருகிறது என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள், நல்ல நல்ல ஆசிரியர்களே சொல்கிறார்கள், அது தவறான படிமத்தை உண்டாக்குகிறது. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகும், புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் வெளிவரும். குச்சியை உருண்டையிலிருந்து பிடுங்கும்போது விரல் வலிக்கும் இல்லையா, அந்த வலியைக் காட்டியே சொல்லுங்கள், உடைக்க நாம்தான் கொடுக்கவேண்டும் என்று. ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட் நீரோடு சேர்ந்து பிரியும்போது உடைக்கச் செலவானதைவிட அதிகம் திரும்பக் கிடைக்கிறது, நிகர லாபம் திட்ட நிலையில் மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல். ஏடிபியையே முழுசாகக் கட்டலாம், 10 கார்பன், 13 ஆக்சிஜன், 5 நைட்ரஜன், 3 பாஸ்பரஸ் என்று நீளும், ஒரு பெட்டியில் அடங்கும். ஆனால் என் பெட்டியில் பாஸ்பரஸுக்கு ஐந்து துளை, மூன்று நடுவில் வட்டமாக, மேலே ஒன்று, கீழே ஒன்று. பாஸ்பேட்டின் உண்மை வடிவம் நான்முகி, அதனால் கட்டி முடித்தால் கோணல்மாணலாக வரும். அதற்குப் பதில் அந்த மூன்று பாஸ்பேட்டையும் தனியாகக் கழற்றி ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனிப் பொருளின் தரம். உருண்டைகள் திடமானவை, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. குச்சிகள்தான் பிரச்சினை. புதிதில் ஏறவே மறுக்கும், கொஞ்ச நாள் பழகியபின் சரியாகும், இன்னும் கொஞ்ச நாளில் வெள்ளை உருண்டைகளின் துளை தளர்ந்து தானாகக் கழன்று விழும். குட்டைக் குச்சி உள்ளே மாட்டிக்கொண்டால் அந்தப் பிடுங்கும் கருவி இல்லாமல் எடுக்க முடியாது, கருவியோ ஒன்றே ஒன்றுதான் கொடுக்கிறார்கள், தொலைந்தால் போச்சு. எனக்கு வந்த முதல் பெட்டியில் வளையும் குச்சிகள் அட்டையில் போட்டிருந்த எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தன, விற்றவரிடம் படம் எடுத்து அனுப்பியும் பதில் வரவில்லை. அதனால் பெட்டி வந்ததும் முதல் வேலையாக நிறம் நிறமாகப் பிரித்து எண்ணிவிடுங்கள், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள்.

ஐம்பது அறுபது துண்டுகள் உள்ள சின்னப் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஒரு குளுக்கோஸுக்கே 24 உருண்டை போய்விடும், சுக்ரோஸ் கட்ட 45 வேண்டும். அந்தக் காசும் இல்லையென்றால் ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குத்தும் குச்சியும் இருக்கின்றன, இணைதிறன், நீர் நீக்கம் இரண்டுக்கும் அது தாராளமாகப் போதும், கோணம் மட்டும் கண்ணளவில்தான் வரும், எனவே இடக்கை வலக்கைப் பாடத்துக்கும் குளுக்கோஸ் வளையத்துக்கும் சரிவராது. ஒரே ஒரு பிள்ளைக்காக வீட்டில் வாங்குகிறவர்கள் ஒரு பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். முப்பது பேர் வகுப்புக்கு என்றால் குறைந்தது நான்கு பெட்டி, அதில் ஒன்றாவது நான்கு துளை ஆக்சிஜன் உள்ளதாக இருக்கட்டும். பிடுங்கும் கருவியை மட்டும் பெட்டிக்குள் போடாமல் உங்கள் சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.